காரில்லாமல் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒருநாள் பயணம்: எங்கே போகலாம், எதைத் தள்ளிப்போடலாம்

நீங்கள் கேட்டது இதுதான்: ஈஸ்ட் ஹாமுக்குக் குடிவந்து ஆறு மாதம், கார் கிடையாது, மனைவி, ஆறு வயது மகள், லண்டன் மியூசியமெல்லாம் சுற்றி அலுத்துவிட்டது, சனி ஞாயிறில் காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும்படி கடல், கிராமம், பழைய ஊர் என்று எங்கே போகலாம், ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டமும் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களும் ஒரே நாளில் முடியுமா?

முடியாது. கோச் டூர்க்காரர்கள் முடியும் என்று டிக்கெட் விற்பார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பீர்கள். பதினொரு வருடமாக இப்படி ஒருநாள் பயணம் போய்க்கொண்டிருக்கிறேன், முதல் இரண்டு வருடம் நானும் இதே தப்பைத்தான் செய்தேன். ஊர்ப் பெயரைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு அதற்கு வழி தேடுவது, அங்கே போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி, நாலு மணிக்குத் திரும்ப ஓட வேண்டும். இப்போது தலைகீழாகச் செய்கிறேன். என் வீட்டிலிருந்து சுலபமாக ஏறக்கூடிய ரயில் எது, அது மாறாமலோ ஒரே ஒரு தடவை மாறியோ எங்கெங்கே போகிறது என்று பார்த்து, அதில் ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளுக்கு ஓர் ஊர், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் ஈஸ்ட் ஹாம் நல்ல இடம், அங்கே இருக்கிறவர்களுக்கே அது தெரியாது. லண்டனில் மொத்த ஊருக்கும் ஒரே சென்ட்ரல் ஸ்டேஷன் கிடையாது, ஒவ்வொரு திசைக்கும் ஒரு ஸ்டேஷன். தெற்குக் கடற்கரைக்கு விக்டோரியா, மேற்கே ஆக்ஸ்ஃபோர்டு, பாத் பக்கம் பேடிங்டன், தென்மேற்கே வாட்டர்லூ, கேம்பிரிட்ஜுக்கு கிங்ஸ் கிராஸ். உங்கள் டிஸ்ட்ரிக்ட் லைன் நேராக விக்டோரியா போகிறது, ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் கிங்ஸ் கிராஸையும் பேடிங்டனையும் தொடுகிறது. அதைவிட முக்கியம், கென்ட் மாவட்டத்துக்குப் போகும் வேக ரயில் செயின்ட் பாங்க்ரஸில் கிளம்பி ஏழு நிமிடத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனலில் நிற்கும். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஸ்ட்ராட்ஃபோர்டு வந்து, வெஸ்ட்ஃபீல்டு மால் வழியாக நடந்தால் அங்கேயே ஏறிவிடலாம். செயின்ட் பாங்க்ரஸுக்குப் போய்ப் பின்னால் திரும்பி வரும் நம்மவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ராட்ஃபோர்டு வேறு, ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனல் வேறு, நடுவே பத்து நிமிட நடை.

டிக்கெட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்குங்கள், வருடத்துக்கு 35 பவுண்ட். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, 5 முதல் 15 வயதுக் குழந்தைக்கு 60 சதவீதம். ஒரே கார்டில் நாலு பெரியவர், நாலு குழந்தை வரை போகலாம், ஆனால் குழந்தை ஒன்றாவது கூட வர வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு நண்பர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கும் உங்கள் கார்டே போதும். இரண்டாவது பயணத்திலேயே போட்ட காசு வந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். சனி ஞாயிறு முழுக்க ஆஃப் பீக், அதாவது நெரிசல் இல்லாத நேரத்துக் கட்டணம்தான். போக வர ஒரே டிக்கெட்டாக எடுங்கள், தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். லண்டனுக்கு வெளியே நிறைய பஸ்களில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை.

அப்புறம், இதை மட்டும் மறக்காதீர்கள்: வெள்ளிக்கிழமை ராத்திரி தண்டவாள வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். இந்த நாட்டில் தண்டவாளத்தைப் பிரிப்பதெல்லாம் வாரக்கடைசியில்தான். ஒரு ஞாயிறு அப்படிப் பார்க்காமல் போய், பாதி வழியில் இறக்கி ரயிலுக்குப் பதில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கிராமத்துச் சந்துகளில் அந்த பஸ் வளைந்து வளைந்து போனதில் என் மகன் என் மடியிலேயே வாந்தி எடுத்தான். கடலைப் பார்த்தது நாற்பது நிமிடம்.

சரி, கடலிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்களுக்கு மிக அருகில் இருப்பது லீ ஆன் சீ. ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்த ஸ்டாப் பார்க்கிங், அங்கே ரயில் மாறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேசில்டன் வழியாகப் போகும் ரயிலில் ஏறுங்கள், டில்பரி வழி சுற்று. லீயில் பழைய மீனவர் தெரு ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, மட்டியை அவித்து வினிகரும் மிளகும் போட்டு சின்னக் கிண்ணத்தில் கொடுப்பார்கள். நம் நாக்குக்கு முதல் தடவை சப்பென்று இருக்கும். அங்கிருந்து கடலோரமாகவே சவுத்எண்ட் வரை ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கலாம். இதில் என்ன வசதி என்றால் ரயில் பாதையும் கடலை ஒட்டியே வருகிறது. நடுவில் சாக்வெல், வெஸ்ட்கிளிஃப் என்று ஸ்டேஷன்கள், மகள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். சவுத்எண்ட் பியர், அதாவது கடலுக்குள் நீளும் நடைபாலம், 2.16 கிலோமீட்டர் நீளம், உலாவுவதற்காகக் கட்டிய பியர்களில் உலகிலேயே இதுதான் நீளம், மேலே ஒரு குட்டி ரயிலும் ஓடுகிறது. இவ்வளவு நீளமாகக் கட்டியது பெருமைக்காக இல்லை. தேம்ஸ் முகத்துவாரத்தில் ஓதம் வற்றினால் கடல் ஒரு மைலுக்கு மேல் உள்ளே போய்விடும், மிச்சமெல்லாம் சேறு, படகு கரைக்கே வர முடியாது. அதனால் கடலைத் தேடிக்கொண்டு பாலம் போயிருக்கிறது. 1830இல் மரத்தில் போட்டார்கள், 1889இல் இரும்புக்கு மாற்றினார்கள். நீங்கள் போகும் நேரம் ஓதம் ஏறியிருக்கிறதா வற்றியிருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் “கடல் எங்கேப்பா?” என்று மகள் கேட்பாள்.

அடுத்தது ரை. இங்கிலாந்தில் எனக்கு மிகவும் பிடித்த சின்ன ஊர். ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனலிலிருந்து ஆஷ்ஃபோர்டு அரை மணி, அங்கே மாறி மணிக்கு ஒன்றாக ஓடும் ஒரு குட்டி டீசல் ரயிலில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். மர்மெய்டு தெரு என்று உருண்டைக் கல் பதித்த ஏற்றமான தெரு, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், எல்லோரும் போடும் படம் அதுதான். பத்து மணிக்கு முன்னால் போனால் தெரு உங்களுடையது, பன்னிரண்டு மணிக்குப் போனால் அடுத்தவர் செல்ஃபியில்தான் நீங்கள் இருப்பீர்கள். குழந்தைக்கு நல்ல ஷூ போடுங்கள், அந்தக் கல்லில் செருப்பு நிற்காது. ஆனால் படத்தில் வராத விஷயம் ஊரின் கதை. ரை ஒரு காலத்தில் கடலுக்குள் துருத்திக்கொண்டிருந்த துறைமுகம், இன்று கடல் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1287இல் வந்த பெரும்புயலில் பூம்புகாரைச் சொல்வதுபோல பக்கத்தில் இருந்த பழைய விஞ்சல்சி ஊரைக் கடல் கொண்டுபோனது, ராதர் ஆறு தன் பாதையையே மாற்றிக்கொண்டு ரை பக்கம் வந்தது, பிறகு நூற்றாண்டுகளாக வண்டல் படிந்து துறைமுகம் தூர்ந்துபோனது. மாதா கோயில் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் அந்தக் கதை முழுக்கத் தெரியும்: ஆடு மேயும் பசும்புல்லெல்லாம் ஒரு காலத்தில் கடல்.

ரையிலிருந்து 102 பஸ்ஸில் கேம்பர் சாண்ட்ஸ் போகலாம். தெற்குக் கடற்கரையில் பிரைட்டன், ஹேஸ்டிங்ஸ் எல்லாம் கூழாங்கல்தான், கேம்பரில்தான் நம் மெரினா மாதிரி அகலமான மணல், கூடவே மணல்மேடுகள். போங்கள், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2016 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் ஐந்து பேர் இறந்தார்கள், ஐந்து பேரும் லண்டன் தமிழ்ப் பையன்கள், நண்பர்கள், சும்மா ஒருநாள் பயணம் வந்தவர்கள். அப்போது அங்கே லைஃப்கார்டு கிடையாது, அதற்குப் பிறகுதான் கோடையில் போட்டார்கள். கேம்பர் கரை தட்டையானது, வற்றியிருக்கும்போது வெகுதூரம் வரை முழங்கால் தண்ணீர்தான், அதனால் ஆபத்தே தெரியாது. ஆனால் மணல் சமமாக இல்லை, நடுநடுவே திட்டுகள்; ஓதம் ஏறும்போது திட்டில் நிற்பவனுக்கு முன்னால் வருவதற்கு முன்பே பின்னால் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிவிடும். கரை பக்கத்தில் தெரியும், இடையில் ஆழம். நமக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியமும் இங்கே பாதிக்குத்தான் உதவும், ஆகஸ்டிலேயே தண்ணீர் 17, 18 டிகிரிதான். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், கொடி இல்லாத நாளில் கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூங்கும் நேரம், ஓதம் ஏறும் நேரம் இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

செவன் சிஸ்டர்ஸ் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள், அந்த வெள்ளைப் பாறைகள். சாக்பீஸ் மலை என்று மகளிடம் சொல்லுங்கள், உண்மையும் அதுதான், கீழே விழுந்த துண்டை எடுத்துக் கோடு போடலாம். முழு நடை என்பது சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை இருபது கிலோமீட்டருக்கு மேல், ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஆறு வயதுக் குழந்தையோடு வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் விக்டோரியாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் பிரைட்டன், அங்கே 12ஆம் எண் பஸ்ஸில் ஏறி எக்ஸீட்டில் செவன் சிஸ்டர்ஸ் கண்ட்ரி பார்க் வாசலில் இறங்குங்கள். மாடியில் முன் சீட் கிடைத்தால் அந்த பஸ் பயணமே பாதி டிக்கெட் காசுக்குச் சமம். இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. பார்க்கிலிருந்து கடலுக்குச் சமதளமான பாதை, இரண்டு கிலோமீட்டர், தள்ளுவண்டியே போகும். ஆனால் அது கக்மியர் ஆற்றின் கிழக்குக் கரை. காலண்டரில் பார்ப்பீர்களே, முன்னால் இரண்டு மூன்று பழைய வீடுகள், பின்னால் வரிசையாக வெள்ளை மலைகள், அந்தக் காட்சி மேற்குக் கரையிலிருந்துதான் தெரியும். கடலோரம் வரை போனபின் ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது, திரும்ப எக்ஸீட் பாலம் வரை நடக்க வேண்டும். காட்சி வேண்டுமா, குழந்தை கல் பொறுக்கக் கரை வேண்டுமா என்று பாலத்திலேயே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

விளிம்புப் பக்கம் போகவே கூடாது. வேலி இருக்காது, அதனால் பரவாயில்லை என்று தோன்றும். கொஞ்சம் தள்ளி இருக்கும் பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரம், பிரிட்டனிலேயே உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை, அடியில் அலை அரித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் நிற்கும் புல்லுக்குக் கீழே பாறை இல்லாமலும் இருக்கலாம். அங்கே பெல் டூட் என்று ஒரு பழைய கலங்கரை விளக்கம், விளிம்பு நெருங்கி வந்துவிட்டதென்று 1999இல் கட்டடத்தையே அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள்.

பிரைட்டனில் நேரம் மிச்சமிருந்தால் ராயல் பெவிலியன். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ தாஜ்மகாலைக் கேள்விப்பட்டுக் கட்டியது மாதிரி இருக்கும். முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இதையே ஆஸ்பத்திரியாக்கினார்கள். இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்களை எரித்த இடத்தில், ஊருக்கு வெளியே புல்வெளி மேட்டில், சத்ரி என்று வெள்ளைப் பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, நடந்துதான் போக வேண்டும். கையில் சிப்ஸ் வைத்திருந்தால் கடல்காகத்தைக் கவனியுங்கள், கேட்டு வாங்கும் பழக்கம் அதற்குக் கிடையாது.

மழை நாளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு. பேடிங்டனிலிருந்து ஒரு மணி நேரம். கல்லூரிகளுக்குள் நுழையக் காசு வாங்குவார்கள், ஒன்று பார்த்தால் போதும், மியூசியங்கள் இலவசம். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தில் டோடோ பறவையின் தலை மிச்சம் வைத்திருக்கிறார்கள், அதன் பின்கதவு வழியாகவே பிட் ரிவர்ஸ் என்னும், இருட்டுக் கிடங்கு மாதிரியான விசித்திர மியூசியத்துக்குள் போகலாம், என் மகன் அங்கிருந்து வர மறுத்தான். வால்டன் தெருவை ஒட்டி செயின்ட் செபல்கர்ஸ் என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டம், ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடை, அதில் ஜி.யு. போப் அடக்கம். 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து 1908இல் இறந்தார். கல்லறையில் “இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்” என்று எழுதியிருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் கேட்டு வளர்ந்தோம். போய்ப் படித்துப் பாருங்கள், அப்படி ஒரு வரி இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலிருக்கும் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்றுதான் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு அந்தக் கட்டுக்கதையைவிட இது பிடித்திருந்தது, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்து யாரோ காசு அனுப்பியிருக்கிறார்கள்.

கேம்பிரிட்ஜ், கேன்டர்பரி இரண்டும் ஒரு மணி நேரத் தூரம், இரண்டும் நன்றாகவே இருக்கும், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லீட்ஸ் கோட்டை லீட்ஸ் நகரத்தில் இல்லை, கென்டில் இருக்கிறது. என் அலுவலகத் தோழர் ஒருவர் வடக்கே டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டார்.

ஸ்டோன்ஹெஞ்ச்: வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரி ஒன்றரை மணி, ஸ்டேஷன் வாசலிலிருந்தே பஸ். கல்லுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள், கயிற்றுக்கு வெளியே சுற்றி வர வேண்டும். அந்தக் காசுக்கும் நேரத்துக்கும் சாலிஸ்பரி ஊரே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 123 மீட்டர் கோபுரம், நாட்டிலேயே உயரமான தேவாலயக் கோபுரம், உள்ளே மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் வருட மாக்னா கார்ட்டா சாசனத்தின் பிரதி, மிஞ்சியிருக்கும் நாலில் ஒன்று. கல்வட்டம்தான் வேண்டுமென்றால் ஸ்விண்டன் போய் 49 பஸ்ஸில் ஏவ்பரி போங்கள், ஊருக்குள்ளேயே கற்கள் நிற்கின்றன, தொடலாம், சாய்ந்து உட்கார்ந்து புளியோதரை சாப்பிடலாம், ஆடு வந்து எட்டிப் பார்க்கும். காட்ஸ்வோல்ட்ஸைக் கார் உள்ள நண்பர் கிடைக்கும்வரை தள்ளிப்போடுங்கள். மோர்டன் இன் மார்ஷ் வரை ரயில் இருக்கிறது, அதற்கப்புறம் ஞாயிறு பஸ்ஸை நம்பிக் கிராமத்தில் நிற்பது பெரிய தண்டனை.

கிராமப்புற நடை பழக பாக்ஸ் ஹில் போதும், வாட்டர்லூவிலிருந்தோ விக்டோரியாவிலிருந்தோ ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டேஷன், இறங்கினால் மோல் ஆற்றை மிதிகற்களில் தாண்டி ஏற்றம் ஆரம்பிக்கும். வெள்ளம் போகும் நாளில் கல் மூழ்கியிருக்கும், பக்கத்திலேயே நடைபாலம் உண்டு. இந்த ஊர் நடைபாதைச் சட்டம் நமக்கு முதலில் விநோதமாக இருக்கும்: தனியார் வயல் நடுவே, சில இடத்தில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தை ஒட்டியே, பொதுப் பாதை போகும். மஞ்சள் அம்பு இருந்தால் நடக்கிறவர்களுக்கு உரிமை, நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். திறந்த கேட்டைத் திறந்தபடியே விடுங்கள், மூடியதை மூடுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போங்கள், நம்மூர் மாடு மாதிரி தட்டிக்கொடுக்கப் போக வேண்டாம். பாதையோரத்தில் நெட்டில் என்று ஒரு செடி, நம் செந்தட்டி மாதிரியே பட்டால் அரிக்கும், மகளுக்கு முழுக்கால் பேண்ட் போடுங்கள்.

சாப்பாடு: பப்களில் மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், அப்புறம் ஆறு மணிக்குத்தான், நடுவில் போனால் உப்பு வறுவல் பாக்கெட்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம் என்பது இங்கே சட்டம், சின்ன ஊரில் நாலு மணிக்கெல்லாம் ஷட்டர் இறங்கிவிடும். வெட்கப்படாமல் கட்டுச்சோறு கட்டுங்கள். குளிர்காலத்தில் நாலு மணிக்கு இருட்டிவிடும், டிசம்பரில் கடலோர மலைநடை வைக்காதீர்கள், அது ஆக்ஸ்ஃபோர்டு மாதம். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம், அப்போது ரையும் எக்ஸீட்டும்.

இந்தச் சனிக்கிழமையே கிளம்புவதாக இருந்தால் லீ ஆன் சீ போங்கள். மகளுக்கு மாற்றுத் துணி ஒரு செட், ஒரு பிளாஸ்டிக் பை. அந்தச் சேறு ஷூவிலிருந்து போகவே போகாது.